மேடைக் குரல்: கத்தாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வைப்பது எப்படி?

நாடக ஒத்திகைகளில் அதிகம் கேட்கும் கட்டளை "சத்தமாப் பேசு" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்து "அடிவயித்துலேர்ந்து பேசு", "தொண்டையைத் திற", "குரலைத் தூக்கிப் போடு". சொல்பவர்கள் அனுபவசாலிகள். தாங்கள் எதைச் சொல்கிறோம் என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியும். ஆனால் புதிதாக மேடையேறும் ஒருவர் இதைக் கேட்டு என்ன செய்வார்? வயிற்றை எக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். இரண்டாவது காட்சிக்குள் குரல் கம்மிவிடும். இவ்வளவு பாடுபட்டும், கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது.

அந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒரே விஷயம்: குரல் எட்ட வேண்டுமென்றால் உழைப்பைத் தொண்டையில் கூட்டக் கூடாது. அதற்குக் கீழே மூச்சிலும், அதற்கு மேலே வாயிலும் கூட்ட வேண்டும்.

ஒரு பலூனிலிருந்து தொடங்குவோம்

பலூனை நன்றாக ஊதுங்கள். அதன் வாயை இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக் காற்றை மெதுவாக விடுங்கள். கீச்சென்று சத்தம் வரும். இன்னும் இறுக்கி இழுத்தால் சத்தம் மெலிந்து உயரும். இழுப்பதை விட்டால் புஸ்ஸென்று வெறும் காற்று போகும். உள்ளே அடைபட்ட காற்று வெளியே வரப் பார்க்கிறது, வழியில் இருக்கும் ரப்பர் விளிம்புகள் படபடவென்று திறந்து மூடுகின்றன, அந்தப் படபடப்புதான் ஒலி.

மனிதக் குரலும் இந்த முறையில்தான் பிறக்கிறது. காற்று நுரையீரலில் இருக்கிறது. விளிம்புகளின் வேலையைச் செய்பவை குரல் நாண்கள். கழுத்தின் முன்பக்கம் விரல் வைத்து எச்சில் விழுங்கினால் ஒன்று மேலேறி இறங்குமே, அந்தப் பெட்டிக்குப் பெயர் குரல்வளை. அதற்குள் முன்னும் பின்னுமாகப் படுத்திருக்கும் இரண்டு சின்னத் தசை மடிப்புகளே குரல் நாண்கள். பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் நீளம், ஆண்களுக்கு ஒன்றேமுக்கால் முதல் இரண்டரை வரை. ஒரு அரங்கத்தையே நிறைக்கும் ஒலி இவ்வளவு சின்ன இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அதை ஏன் அடித்துத் துன்புறுத்தக் கூடாது என்பது புரியும்.

சும்மா மூச்சு விடும்போது இந்த மடிப்புகள் விலகி நிற்கும். பேச நினைத்ததும் நெருங்கி வரும். கீழிருந்து தள்ளும் காற்று அவற்றைப் பிரிக்கும். பிரிந்த இடைவெளியில் காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அதனாலும், மடிப்புகளுக்கே உள்ள மீள்தன்மையாலும் அவை மறுபடி சேர்ந்துகொள்ளும். அப்புறம் மறுபடி பிரியும். சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு நூறு முதல் நூற்று முப்பது முறை, பெண்களுக்கு இருநூறு முறைக்குச் சற்று முன்பின்னாக இது நடக்கிறது. நொடிக்கு எத்தனை முறை என்ற இந்த எண்ணிக்கைதான் அதிர்வெண்; அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். அதிர்வெண் கூடினால் சுருதி ஏறும். ஒரு நடிகையின் குரல் மொத்தம் பத்து நிமிடம் ஒலித்தால், நாண்கள் 1,20,000 முறை மோதிக்கொண்டிருக்கும். மென்மையாக மோதினால் நாள் முழுக்கத் தாங்கும். அழுத்தி மோதினால் வீங்கும்.

உயிருள்ள ஒருவரின் குரல் நாண்கள் அசைவதை 1854இல் தெளிவாகப் பார்த்துப் பதிவு செய்தவர் ஒரு மருத்துவர் இல்லை, மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். சின்னக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியை உள்ளே திருப்பி, தன்னுடைய நாண்களையே பார்த்தார். குரலால் பிழைப்பவர்களுக்கு இந்த ஆர்வம் புதிதில்லை.

இதுவரை: மூச்சுக்காற்று தள்ளுகிறது, நாண்கள் அதிர்கின்றன, ஒலி பிறக்கிறது. ஆனால் பிறந்த இடத்தில் அது மெல்லிய ரீங்காரம் மட்டும்தான். குரலாவதற்கு இன்னும் வழி இருக்கிறது.

"அடிவயிற்றிலிருந்து பேசு" என்றால் என்ன?

வயிற்றுக்குள் காற்று போவதில்லை. போனால் அது ஏப்பமாகத்தான் வெளியே வரும். காற்று போவது நுரையீரலுக்கு மட்டுமே. பிறகு ஏன் வயிறு?

நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை விரித்ததுபோல ஒரு தசை இருக்கிறது. அதன் பெயர் உதரவிதானம். அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழிறங்கும். மேலே நுரையீரலுக்கு இடம் கிடைத்துக் காற்று உள்ளே வரும். கீழே இருக்கும் இரைப்பையும் குடலும் எங்கே போகும்? முன்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். மூச்சை இழுக்கும்போது வயிறு முன்னே வருவதற்குக் காரணம் இதுதான். வயிற்றை எக்கிப் பிடித்தால் உதரவிதானம் இறங்க முடியாது. உடம்பு வேறு வழி தேடித் தோள்களைத் தூக்கும், கழுத்துத் தசைகளை இழுக்கும். அந்தத் தசைகள் குரல்வளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவை இறுகினால் குரலும் இறுகும். ஆக, வாத்தியார் "வயிறு" என்று சொல்வது காற்று வைக்கும் இடத்தை இல்லை. மூச்சு இழுக்கும்போது இளக விட வேண்டிய இடத்தை.

இன்னொரு தவறான எண்ணம், உதரவிதானத்தால் குரலைத் தள்ள வேண்டும் என்பது. உதரவிதானம் மூச்சை இழுக்கும் தசை. வெளியே தள்ளும் வேலையில் வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் இருக்கின்றன. அதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் சொல்வதில்லை: நன்றாக நிரம்பிய நுரையீரல், ஊதிய பலூனைப் போல, தானாகவே சுருங்கப் பார்க்கும். எனவே வசனத்தின் தொடக்கத்தில் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. காற்று தானாக வரும். விலாக்களை உடனே சரிய விடாமல் விரித்துவைத்து, அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அப்போதைய வேலை. வசனம் நீள நீளக் காற்று குறையும், சுருங்கும் விசையும் குறையும். வயிற்றுத் தசைகள் உள்வாங்கித் தள்ள வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியில்தான். முதலில் பிடி, பிறகு தள்ளு. மூச்சுக் கட்டுப்பாடு என்று சொல்வதில் பெரும்பகுதி இதுவே.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் சொல்லில் காற்றைக் கொட்டிவிட்டு, கடைசிச் சொல்லில் திணறுகிறார்கள். எந்த மொழியிலும் இது குறைதான். தமிழில் பெரிய குறை. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "நான் உன்னோடு இந்த வீட்டை விட்டு வெளியே வருவேன்" என்பதா, "வரமாட்டேன்" என்பதா? முடிவு கடைசிச் சொல்லில் இருக்கிறது. மூச்சு தீர்ந்து அந்தச் சொல் விழுங்கப்பட்டால், பார்வையாளருக்கு முன்னால் கேட்ட அத்தனை சொற்களும் வீண். தமிழில் நடிப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை எப்போதும் இதுதான்: வாக்கியத்தின் வாலுக்கு மூச்சை மிச்சம் வையுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சும்மா இருக்கும்போது நாம் ஒரு முறை இழுப்பது அரை லிட்டர் காற்று. வளர்ந்த ஒருவர் முழுமையாக இழுத்து முழுமையாக விட்டால் மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை போகும். அதற்காக ஒவ்வொரு வசனத்துக்கும் நெஞ்சு வெடிக்க நிரப்ப வேண்டாம். அளவுக்கு மீறி நிரப்பினால் சுருங்கும் விசை கட்டுக்கடங்காது. அதைத் தடுக்கத் தொண்டைதான் இறுகும். வசனத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, சத்தமில்லாமல் இழுத்தால் போதும். இழுக்கும்போது சர்ரென்று சத்தம் கேட்டால், குரல் நாண்கள் முழுதாக விலகவில்லை, வழி குறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

தொண்டைக்குக் கொடுக்க வேண்டியது ஓய்வு

குரல்வளை பேசுவதற்காக மட்டும் அமைந்த உறுப்பில்லை. மூச்சுக்குழாய்க்குள் சோறும் தண்ணீரும் போகாமல் காப்பது அதன் மூத்த வேலை. கனமான பொருளைத் தூக்கும்போது உடம்பு மூச்சை அடைத்துப் பிடிப்பதும் அங்கேதான். அதாவது, உடம்பை முறுக்கிப் பலம் காட்டினாலே குரல்வளை மூடிக்கொள்ளப் பார்க்கும். மேடையில் ஆவேசமாக நிற்கும் நடிகர், கை முஷ்டிகளை இறுக்கிக் கழுத்தை விறைத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் காற்றைத் தள்ளுகிறார், மறுபக்கம் கதவைச் சாத்துகிறார். நடுவில் மாட்டிக்கொள்பவை குரல் நாண்கள்.

"தொண்டையைத் திற" என்பதன் பொருள் இப்போது தெளிவாகும். அங்கே திறப்பதற்கென்று தனி விசை எதுவும் இல்லை. கழுத்து, தாடை, நாக்கின் அடிப்பகுதி ஆகிய மூன்றும் இளகியிருந்தால் அது திறந்துதான் இருக்கும். கொட்டாவி வரத் தொடங்கும் அந்த நொடியில் தொண்டை எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள், அதுதான் அடையாளம்.

சுருதி விஷயத்திலும் இதே சிக்கல். சத்தத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். காற்றழுத்தம் அதிகமானால் நாண்கள் வேகமாக அதிர்வது இயல்பு. பயத்திலும் தசைகள் இறுகிச் சுருதி ஏறும். அதனால்தான் முதல் மேடையில் பலருக்கும் குரல் கீச்சென்று வருகிறது. இதற்கு நேர்மாறாக, அரசனாகவோ வில்லனாகவோ நடிக்கும்போது குரல்வளையைக் கீழே அழுத்திக் கட்டைக் குரல் வரவழைப்பவர்களும் உண்டு. இரண்டுமே களைப்பைத்தான் தரும். யாராவது பேசும்போது ஆமோதித்து "ம்ம்" என்கிறோமே, யோசிக்காமல் சொல்லும் அந்த "ம்ம்" இருக்கும் சுருதிதான் பெரும்பாலும் நம் இயல்பான இடம். பாத்திரத்துக்காக அதிலிருந்து மேலும் கீழும் போகலாம், ஆனால் புறப்படும் இடம் அதுவாக இருக்கட்டும்.

குரல் பெரிதாவது வாயில்

பலூனின் கீச்சொலிக்கும் மனிதக் குரலுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பலூனுக்கு விளிம்புகளைத் தாண்டி ஒன்றுமில்லை. நமக்கோ குரல் நாண்களுக்கு மேலே தொண்டை, வாய், மூக்கு என்று ஒரு குழாய் இருக்கிறது. நாண்களிலிருந்து உதடு வரை வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர், பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. நாண்களில் பிறக்கும் ரீங்காரத்தில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். இந்தக் குழாயின் வடிவம் அவற்றில் சிலவற்றை எடுத்துப் பலப்படுத்தும், சிலவற்றை அடக்கும். இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. கூடுதல் மூச்சுச் செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது.

ஒரே சுருதியில், நிறுத்தாமல், "ஆ... ஈ... ஊ..." என்று சொல்லிப் பாருங்கள். தொண்டையில் எதையும் மாற்றவில்லை. நாக்கும் உதடும்தான் நகர்ந்தன. ஆனால் மூன்று வெவ்வேறு ஒலிகள் கேட்டன. குழாயின் வடிவம் மாறினால் குரலின் நிறமே மாறும் என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை. வாயைப் பாதி மூடிக்கொண்டு "ஆ" சொல்லிவிட்டு, தாடையை நன்றாகக் கீழிறக்கி அதையே சொல்லுங்கள். மூச்சைக் கூட்டாமலே சத்தம் கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு வசனம் பேசுபவர் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லாததற்கு இதுதான் காரணம்.

சிலர் குரலைக் கணீரென்று இருக்கிறது என்கிறோம். அவர்கள் கத்துவதில்லை, ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்கும். அதற்கு அளக்கக்கூடிய காரணம் உண்டு. மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரேபோலக் கேட்பதில்லை. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மிகக் கூர்மையாகக் கேட்கும். பயிற்சி பெற்ற குரல்களில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி எடுப்பாக இருக்கும். பின்னணியில் பெரிய இசைக்குழு வாசித்தாலும் மைக் இல்லாமல் சில பாடகர்களின் குரல் மேலே மிதந்து கேட்பது இதனால்தான். இசைக்குழுவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. பாடகர் அதோடு மோதாமல், காலியாக இருக்கும் இடத்தில் ஒலிக்கிறார். நடிகருக்கும் இதே வழிதான்.

"நெஞ்சிலிருந்து பேசு", "முகத்தில் குரலைக் கொண்டு வா" என்பார்கள். தாழ்ந்த குரலில் நெஞ்சு அதிர்வதும், "ம்" என்று முனகும்போது மூக்கும் உதடும் சிலிர்ப்பதும் உண்மை. ஆனால் அந்த அதிர்வு குரலின் விளைவு. நெஞ்செலும்பு ஒலியைப் பெருக்கி அரங்கத்துக்கு அனுப்புவதில்லை. அந்தச் சிலிர்ப்பைச் சரியான பாதையில் போகிறோம் என்பதற்கான அறிகுறியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நம் குரல் நமக்கே வேறு மாதிரி கேட்பதும் இதோடு சேர்ந்தது. நம் குரலை நாம் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டின் வழியாகவும் கேட்கிறோம், அதனால் கனமாகத் தோன்றும். பதிவில் கேட்கும்போது மெலிந்திருப்பதாகத் தோன்றுகிறதே, மற்றவர்கள் எப்போதும் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான். எனவே மேடைக்குத் தயாராகும்போது உங்கள் காதைவிட, அரங்கத்தின் பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பரின் காதை நம்புங்கள்.

சுருக்கமாக, மூச்சு பலத்தைக் கொடுக்கிறது, நாண்கள் சுருதியைக் கொடுக்கின்றன, வாயும் தொண்டையும் சேர்ந்து குரலுக்கு உருவமும் வீச்சும் கொடுக்கின்றன. மிச்சமிருப்பது சொல்.

கேட்பது உயிரெழுத்து, புரிவது மெய்யெழுத்து

பேச்சின் சத்தம் கிட்டத்தட்ட முழுக்க உயிரெழுத்துகளில் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையை மெய்யெழுத்துகள்தான் அதிகம் செய்கின்றன. அவற்றின் ஒலி குறுகியது, பலமற்றது. தூரம் போகப் போக முதலில் காணாமல் போவது அவைதான். கத்தும்போது "ஆ"வும் "ஓ"வும் மட்டும் பெருக்கும், "க்"கும் "ட்"டும் அதே அளவில் நிற்கும். சத்தம் கேட்டும் சொல் புரியாத நிலை இப்படித்தான் உண்டாகிறது.

வல்லின எழுத்துகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. "பாட்டு" என்னும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி, ஒரு கணம் காற்று முழுதும் நின்று, பிறகு வெடித்து வெளியேறுகிறது. அந்த ஒரு கண மௌனமும் எழுத்தின் பகுதி. அவசரத்தில் அதைச் சுருக்கினால் "பாட்டு" "பாடு" ஆகிவிடும், "பட்டம்" "படம்" ஆகிவிடும். வலி, வளி, வழி மூன்றும் நாக்கு நிற்கும் நிலையால் மட்டுமே வேறுபடுகின்றன. நாக்கு சோம்பினால் மூன்றும் ஒன்றாகும்.

வாக்கியத்தின் வாலைப் பற்றி முன்பு சொன்னேன். அந்த வாலின் நுனியில் இன்னும் சின்ன ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. "வந்தான்", "வந்தாள்", "வந்தார்": வந்தது யார் என்பது கடைசி மெய்யெழுத்தில் இருக்கிறது. பேச்சு வழக்கில் இன்னும் சிரமம். "வந்தான்" என்பதில் ன் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது, "வந்தாள்" என்பதில் ள் உதிர்ந்தே போகிறது. அந்தச் சின்ன மூக்கொலி ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. அதைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோக இன்னும் உரக்கச் சொல்லிப் பயனில்லை. கொஞ்சம் நீட்டி, அந்த மூக்கொலிக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

அரங்கமும் மைக்கும்

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபல் கணக்கில் ஆறு குறையும். மூடிய அரங்கில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பி உதவுகின்றன. ஆனால் எதிரொலி நீடிக்கும் இடத்தில், முந்தைய அசை அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுந்தால் எல்லாம் குழம்பும். அங்கே வேகத்தைக் குறைத்து, சொல்லுக்குச் சொல் இடம் விட வேண்டும். வெறும் அரங்கில் ஒத்திகை பார்த்தபோது கணகணவென்று இருந்த குரல், ஆட்கள் நிறைந்ததும் மந்தமாகத் தோன்றும். உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால் அப்படி. இதை எதிர்பார்த்துப் போனால் பதற்றமில்லை.

மைக் இருந்தால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. மைக் சத்தத்தைப் பெருக்கும். விழுங்கிய எழுத்தைத் திருப்பித் தராது. தொண்டை இறுக்கத்தையும் மூச்சிரைப்பையும் பெரிதாக்கியே காட்டும்.

எங்கே தொடங்குவது

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வயிற்றில் ஒரு கை வையுங்கள். படுத்திருக்கும்போது தோளைத் தூக்குவது கடினம் என்பதால் மூச்சு தானாகச் சரியான இடத்துக்குப் போகும். அந்த உணர்வை நினைவில் வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். அப்புறம் "ஸ்ஸ்ஸ்" என்று சீராகக் காற்றை விடுங்கள். எவ்வளவு நேரம் என்பதைவிட, தொடக்கமும் முடிவும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

அடுத்து, மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை உதட்டில் வைத்து அதன் வழியாக "ஊ" என்று ஒலித்து, சுருதியை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். குரல் சிகிச்சையிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்ட்ராவின் குறுகிய வழியால் வாய்க்குள் உண்டாகும் அழுத்தம், குரல் நாண்களை மேலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. அவை பலமாக மோதாமலே அதிரப் பழகுகின்றன. மேடையேறும் முன் ஐந்து நிமிடம் இதைச் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

வசனத்துக்கு வரும்போது, கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். முதலில் "வரமாட்டேன்". பிறகு "வெளியே வரமாட்டேன்". பிறகு "வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன்". இப்படிப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்தால், முழு வாக்கியத்தைச் சொல்லும்போதும் முடிவின் பலம் குறையாது.

குரல் கெடும்போது

தண்ணீர் குடித்தால் குரல் நாண் நனையும் என்பது தவறு. குடிப்பது உணவுக்குழாய் வழியே போகிறது. நாண்கள் மேல் பட்டால் இருமல்தான் வரும். நீர் உடம்பில் சேர்ந்து அங்கே ஈரம் தர நேரம் ஆகும். காட்சி தொடங்கும் நேரத்தில் மடக் மடக்கென்று குடிப்பதைவிட, நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிப்பது பயன் தரும். நேரடியாக நாண்களைத் தொடுவது நீராவி.

அடிக்கடி கனைத்துத் தொண்டையைச் சரிசெய்யும் பழக்கம் நாண்களை ஒன்றோடொன்று அறைகிறது. எச்சில் விழுங்குவது அல்லது ஒரு மடக்கு நீர் குடிப்பது மேல். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவதும் பலருக்கு ஓய்வாக அமையாது, அழுத்திக் கிசுகிசுத்தால் தொண்டை இன்னும் இறுகும். பேசாமலிருப்பதுதான் ஓய்வு. தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களைப் போட்டுக்கொண்டு மேடையேறாதீர்கள். வலி ஒரு எச்சரிக்கை, அதை அணைத்துவிட்டுக் கத்தினால் சேதம் தெரியாமலே கூடும்.

கத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் அறுந்தால், நாணில் இரத்தம் கசிந்திருக்கக்கூடும். அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சளி, காய்ச்சல் எதுவுமில்லாமல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மெல்லிய கேமராவைச் செலுத்தி, நாண்கள் அசைவதை அங்கேயே திரையில் பார்த்துவிடுவார். அதிகமாகக் கத்துவதால் வரும் சிறு முடிச்சுகள் பலவற்றை, தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், அறுவை சிகிச்சை இல்லாமல் குரல் பயிற்சியால் மட்டுமே சரிசெய்ய முடிகிறது.